துருப்பிடிக்காத இருபது

“கரைசல்லதான் ஏதோ குத்தம்.”

“கரைசல்ல ஒரு குத்தமும்—”

“நான் பேசி முடிச்சுக்கறேன்.”

“முடிச்சுக்கோங்க. முப்பத்தஞ்சு வருஷமா நீங்கதானே முடிக்கறீங்க, நான் ஆரம்பிக்கறதோட சரி.”

“சூடு பத்தல. இல்லேன்னா நேரம் பத்தல. இல்லேன்னா தண்ணி—”

“வெயில் பத்தல, காத்து பத்தல, அதையும் சேர்த்துக்கோங்க! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. இங்க ஆடினது நீங்களும்தான். கோணல் மட்டும் என் கூடமா?”

இருவருக்கும் நடுவே மேசைமேல் ஒரு துணிமூட்டை அவிழ்ந்து கிடந்தது. அதற்குள், அனுப்பிய அறுபதில் திரும்பி வந்த நாற்பது இரும்புக் கம்பிகள். ஒரு சாண் நீளம், பென்சில் தடிமன். பெரிய தையல் மெஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதம் இருக்கிறதே, அதைத் தாங்குகிற கம்பி. மூன்று வாரம் முன்பு அனுப்பியபோது காக்கைச் சிறகுபோல் கருத்திருந்தவை, இப்போது ஆளுக்கு இரண்டு மூன்று பழுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு பிறந்த வீடு திரும்பியிருந்தன.

கடைந்தது அவர். அதனால் தெருவுக்கு அவர் கடைசல்காரர். கடைந்தது துருப்பிடிக்காதபடி மேலே பூச்சு ஏற்றியது அவர் மனைவி. “வாம்மா மெருகுக்காரி” என்று அவர் ஒருநாள் கிண்டலுக்குக் கூப்பிட்டது, தெருவுக்கு அப்படியே பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டி, கார் வாங்காமலே விட்ட கொட்டகைதான் இருவருக்கும் பட்டறை. ஜன்னல் பக்கம் அவர் கடைகிற லேத். கதவுப் பக்கம் அவள் அடுப்பு, மூன்று எவர்சில்வர் தொட்டி, ரொட்டி சுட ஒருகாலத்தில் வாங்கிய பழைய ஓவன்.

மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவள் மெஷின்காரம்மா. இரண்டு தெரு தள்ளி, கூடாரத்துணி, பைத்துணி தைக்கிற முரட்டு மெஷின்களைப் பழுதுபார்க்கிறவள். அந்த மெஷினுக்குக் கடையில் பாகம் கிடைப்பதில்லை என்பதால் இவர்களிடம் வந்தவள். மூட்டைக்குள் ஒரு வெள்ளைத் துணித்துண்டையும் மடித்து வைத்திருந்தாள். அதில் எலிவால்போல் ஒரு பழுப்புத் துருக்கோடு. கொடுக்கும்போதே சொன்னாள்:

“அக்கா, நான் குத்தம் சொல்ல வரல. தைக்கறவங்க மூஞ்சியப் பாக்க முடியல, அவ்வளவுதான். இன்னும் அறுபது வேணும். அடுத்த வாரம் குடுங்க. அதுலயும் இப்படி வந்தா, பூச்சை மட்டும் நான் முலாம் போடற பிளேட்டிங் பட்டறைல குடுத்துக்கறேன். கடைசல் அண்ணனே பண்ணட்டும்.”

கடைசல் அண்ணனே பண்ணட்டும். அந்த ஒரு வாக்கியம்தான் மெருகுக்காரியின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.

அவள் இருபத்தாறு வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவள். நூல் எந்தச் சூட்டில் எந்த நிறம் குடிக்கும் என்பது ஆவியின் வாசனையிலேயே தெரியும். ஓய்வு பெற்றபின் ஒரு வருஷம் சுவர்க்கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தினாள். அது ஒரு பேச்சுத்துணையா? கேட்டதையே கேட்கும். ஒருநாள் கொட்டகையில் அவர் ஒரு பாகத்துக்குப் பெயின்ட் அடித்து, அது உரிந்து, மறுபடி அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். மேசையில் பாஸ்பேட் கரைசல் பற்றிய ஒரு தாள் கிடந்தது. கழுவணும், கொதிக்கவிடணும், முக்கணும், அலசணும், உலர்த்தணும், எண்ணெயில் போடணும். படித்துவிட்டு, “இது சாயம்தானேங்க? நூலுக்குப் பதிலா இரும்பு” என்றாள். அன்றிலிருந்து கதவுப் பக்கம் அவளுடையது. காலையில் எழுந்ததும் போக ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இப்போது அந்த இடம்தான் போகப் பார்த்தது.

“பேசாம பிளேட்டிங்குக்கே அனுப்பிடலாமே,” என்றார் கடைசல்காரர், கம்பியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து. “உனக்கும் முழங்கால் வலி. சூட்டுல நின்னு எதுக்கு?”

“என் முழங்கால் உங்ககிட்ட வந்து மனு குடுத்துச்சா?”

அவர் லேத்துக்குத் துணி போர்த்தினார். பகல் பதினொரு மணிக்கு லேத்துக்குத் துணி போர்த்துகிற மனிதரில்லை அவர். அதை அவள் கவனித்தாள். ஆனால் கோபத்தில் கவனித்தது அப்போது எதற்கும் உதவவில்லை.

*

மத்தியானம் அவள் தூங்கவில்லை. வழக்கமாகச் சாப்பிட்டபின் ஒரு மணிநேரம் கண்ணசருவாள். இன்றைக்குப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டாள்.

சாயப்பட்டறையில் ஒவ்வொரு தொட்டி நூலுக்கும் ஒரு முடிச்சுப் போடுவார்கள். எந்தத் தொட்டியில் தப்பு நடந்தது என்று பிறகு தெரிய வேண்டுமே. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஒரு தடவைக்கு இருபது கம்பி முக்குவாள். முதல் இருபதின் அடியில் ஒரு புள்ளி குத்துவாள், அடுத்த இருபதுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு மூன்று.

நாற்பதையும் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளி, இருபது. மூன்று புள்ளி, இருபது. இரண்டு புள்ளிக்காரர்கள் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. மாமியார் வீட்டில் சௌக்கியமாக இருந்தார்கள்.

அதே கரைசல். அதே சூடு. அதே தண்ணீர்.

பிறகு பொட்டுகளைப் பார்த்தாள். ஒரு பக்கம் பெரிதாக ஒன்று. அதற்கு நேர் எதிரே சின்னதாக இரண்டு. அடுத்த கம்பியிலும் அப்படியே. சாயப்பட்டறைக்காரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? எண்ணெய்க் கையால் நூலைத் தொட்டால் தொட்ட இடம் சாயம் குடிக்காது. துணி முழுக்க ஒருவரின் விரல் தெரியும். கட்டைவிரல் ஒன்று, எதிரே இரண்டு விரல்.

“ஏங்க!”

“என்ன?”

“பூச்சு ஏறிக் காய்ஞ்ச கம்பியை நீங்க தொட்டீங்களா?”

கூடத்திலிருந்து செய்தித்தாள் மடங்குகிற சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்துத்தான் ஆள் வந்தார்.

“தொடாம? நீ தூங்கப் போனதும் ஒவ்வொண்ணையும் வளையத்துல விட்டுப் பாத்தேன்.”

வளையம் என்றால் அளவு வளையம். கம்பி அதற்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முட்டினால் தடிமன் அதிகம்.

“கடைஞ்சப்பவே பாத்தீங்களே?”

“உன் பூச்சு மேல ஏறுதில்ல? மயிரிழையில பாதி ஏறினாலும் மெஷின்ல மாட்டாது. நான் உயிரைக் குடுத்து அளவு நிறுத்தி வைப்பேன், நீ அதுமேல சட்டை போட்டு அனுப்புவ. பாக்காம அனுப்பச் சொல்றியா?”

“அப்ப என் பூச்சு மேல நம்பிக்கையில்ல.”

“என் அளவு மேல உனக்கு மரியாதையில்ல.”

“கையுறை போட்டுத் தொட்டிருக்கலாமில்ல?”

“லேத்துக்காரன் கையுறை போட்டா கையே போயிடும்.”

“வளையம் என்ன சுத்திக்கிட்டா இருக்கு, கையை இழுக்க?”

அவர் கையிலிருந்த செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு, “உன் கை மட்டும் படலையா? எண்ணெய்ல போடறப்ப கையுறையைக் கழட்டிட்டுத்தானே போடறே?” என்றார்.

அது உண்மை. எண்ணெய் பட்டால் ரப்பர் கொழகொழத்துப்போகும் என்று கழற்றிவிடுவாள்.

“அப்ப அந்த ரெண்டு புள்ளி இருபது மட்டும் எப்படித் தப்பிச்சுது? அன்னிக்கு புதன்கிழமை. நீங்க கண் டாக்டர்கிட்ட போயிட்டீங்க, சாயங்காலம்தான் வந்தீங்க.”

“அன்னிக்கு நல்ல வெயில். ஈரப்பதம் கம்மி.”

“ஓ, வெயிலும் உங்க கட்சி.”

“எல்லாரும்தான் இரும்பைத் தொடறாங்க. தொட்டதெல்லாம் துருப்பிடிச்சா ஊர்ல ஒரு கதவு மிச்சமிருக்குமா?”

“சரி. யார் கைன்னு பாத்துடலாம்,” என்றாள் அவள்.

*

மிச்சக் கம்பி ஒன்றை மூன்று துண்டாக்கினாள். மூன்றையும் உப்புத்தாளால் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினாள். சோப்பு நீரில் கொதிக்கவிட்டு, எண்ணெய்ப் பசை போக அலசி, இடுக்கியால் எடுத்து வைத்தாள். ஒன்றை யாரும் தொடுவதில்லை. ஒன்றில் அவள் கட்டைவிரல். ஒன்றில் அவர் கட்டைவிரல். ஒரு டப்பாவில் ஈரத்துணி விரித்து, மேலே ஒரு கம்பிவலை, அதன்மேல் மூன்று துண்டு. மூடி வைத்தால் காலையில் தெரிந்துவிடும்.

“என் விரல் துருப்பிடிச்சா நான் தொட்டியைக் கவுத்துடறேன், பூச்சு வெளியிலயே போகட்டும். உங்க விரல் துருப்பிடிச்சா, பூச்சு ஏறின பொருளை நீங்க வெறுங்கையால தொடக்கூடாது. சம்மதமா?”

“சின்னப்புள்ள விளையாட்டு.”

“சம்மதமா இல்லையா?”

“சரி, சரி.”

அவள் முதலில் அழுத்தினாள். “வாங்க.”

“இரு, வரேன்.”

பின்பக்கக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. மெருகுக்காரி இடுக்கியைப் பிடித்தபடி நின்றாள். சாப்பிட உட்காரும்போது இரண்டு தடவை கத்தினால்தான் கை கழுவுகிற மனிதர். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. துணி துவைக்கிற பிரஷ் சரக் சரக்கென்று தேய்கிற சத்தம். மறுபடி தண்ணீர். பிறகு வந்தார், இரண்டு கையையும் துண்டில் ஒற்றியபடி. விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

“எங்க வைக்கணும்?” என்றார், ஏதும் தெரியாதவர்போல.

“அந்தத் துண்டுல,” என்றாள் அவள், அதைவிட ஏதும் தெரியாதவளாக.

*

காலையில் காபி போடுமுன் டப்பாவைத் திறந்தாள். யாரும் தொடாத துண்டு கண்ணாடிபோல் இருந்தது. அவர் துண்டும் கண்ணாடிபோல் இருந்தது. அவளுடையதில் மட்டும், மூச்சுவிட்டால் கலைந்துவிடும்போல் மெல்லிய பழுப்புக் கோடுகள். கட்டைவிரல்.

அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

கேட்டிருக்கலாம். ‘நேத்து எதுக்கு அப்படிக் கை கழுவினீங்க?’ என்று ஒரே வரி. கேட்டால் மறுப்பார். ஒருதடவை மறுத்துவிட்டால், பிறகு அந்தப் பொய்க்குக் காவல் நிற்பதற்கே அவருக்கு மிச்ச ஆயுள் போதாது. அவருக்கு அந்த வேலை வேண்டாம் என்று நினைத்தாள். இன்னொன்றும் நினைத்தாள். பந்தயம் என்றால் பந்தயம்தான். துருப்பிடித்தது அவள் விரல்.

“தோத்தது நான்,” என்றாள்.

காபியை ஆளுக்கொரு மூலையில் குடித்தார்கள்.

பிறகு அவள் கொட்டகைக்குப் போய் வேலையை ஆரம்பித்தாள். அலசுகிற தொட்டியைக் கவிழ்த்துக் கழுவித் துடைத்துச் சுவரோரம் சாய்த்தாள். சோப்புத் தொட்டியையும் அப்படியே. பாஸ்பேட் கரைசலைக் குவளை குவளையாக மொண்டு கேனில் ஊற்றினாள். மூன்று வருஷமாக அவள் பதம் பார்த்துப் பதம் பார்த்து வளர்த்த கரைசல். நேற்றுவரை அதன் நுரை அடங்குகிற சத்தத்தை வைத்தே கம்பி தயாரா என்று சொல்லுவாள்.

கடைசல்காரர் லேத்துக்குப் போர்த்திய துணியை எடுத்தார். மறுபடி போர்த்தினார். மறுபடி எடுத்து மடித்தார்.

“கேனுக்கு மூடி எங்கன்னு பாத்தீங்களா?”

“அலமாரில.”

“கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். கொடுக்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஊத்தாதே.”

“பாதி ஊத்தியாச்சு.”

“ஊத்தாதேன்னு சொல்றேன்ல?” குரல் உடைந்ததில் அவருக்கே திகைப்பு. பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நேத்து நான் கை கழுவினேன்.”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சா?”

“பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். பிரஷ் வேற.”

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்தபடியே சொன்னார்.

“தொழிற்சாலைல அளவு அறைன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லியிருக்கேன்ல?”

“ஆமா. புழுக்கம் தாங்காம நீங்களே கேட்டு வெளிய வந்துட்டதா.”

“புழுக்கமெல்லாம் இல்ல. அந்த அறை எப்பவும் குளுகுளுன்னு இருக்கும். உள்ள போறதே ஒரு கௌரவம். ஊர்ல இருக்கற அளவுக்கெல்லாம் தாய் அளவு மாதிரி இரும்புக் கட்டைங்க இருக்கும், கண்ணாடி தோத்துப்போகும். வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷமே என்னை அங்க போட்டாங்க. கண்ணு அவ்வளவு துல்லியம் எனக்கு. ஆறு வாரம் இருந்தேன்.”

“ஆறு வாரமா?”

“நான் தொட்ட கட்டைலெல்லாம் மறுநாள் என் விரல். துடைச்சு வச்சாலும் வரும். மத்தவங்க தொட்டா வராது. சில பேருக்கு வேர்வைல உப்பு அதிகமாம், அவங்க தொட்டா இரும்பு தாங்காதாம். மேஸ்திரி ஒரு கட்டையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாரு. ‘பாருங்கப்பா, கைராசிக்காரன்’னாரு. அப்புறம் முரட்டுக் கடைசலுக்கு அனுப்பிட்டாங்க. அங்க எவன் தொட்டா என்ன, மேல்தோலெல்லாம் சீவி எறியறதுதானே. ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அங்கதான். உப்புக்கையன்னு பேர்.”

மெருகுக்காரி குவளையைக் கீழே வைத்தாள்.

முப்பத்தைந்து வருஷத்துச் சின்னச் சின்ன விஷயங்கள், தறியில் இழை சேர்வதுபோல் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவர் ஒருநாளும் அவள் தையல் ஊசியைத் தொட்டதில்லை. விரலில் சிலாம்பு ஏறினால்கூட, “நீயே எடு” என்று விரலை நீட்டுவார். ஊசி பிடிப்பது ஆம்பளைக்கு இழுக்கு என்று நினைக்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் பிறந்தபோது, கையை வேட்டியில் துடைத்து, துடைத்து, அப்புறம்தான் குழந்தையை வாங்கினார். சுத்தக்காரர் என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னவளும் இவள்தான்.

ஆனால் இரக்கம் வருமுன் கோபம் வந்தது. அது வரவேண்டிய முறையும்கூட.

“அப்ப முதல் நாளே தெரியும் உங்களுக்கு. மூட்டையை அவுத்ததுமே தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகிட்டே கரைசல்ல குத்தம்னீங்க. என் முழங்கால்ல குத்தம்னீங்க. ஒரு பேருக்குப் பயந்து, என் வேலையை அப்படியே தூக்கி வெளியாளுக்குக் குடுக்க இருந்தீங்க.”

“இருந்தேன்.” அவர் தலை நிமிரவில்லை. “வளையத்துல விடறப்ப நினைச்சேன், உன் பூச்சு மேல இருக்கே, என் கை என்ன பண்ணப்போகுதுன்னு. கல்யாணமான புதுசுலயே சொல்லியிருக்கணும். கைத்தொழில்காரன், கையே சரியில்லைன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் நாளாக நாளாக, இத்தனை நாள் ஏன் சொல்லலைங்கறதும் அதோட சேந்துடுச்சு. காலையில நீ ‘தோத்தது நான்’னு சொன்ன பாரு...”

“சொன்னேன்.”

“அதுக்கு நீ கத்தியிருக்கலாம்.”

ஜன்னல் வழியே வெயில் லேத்தின்மேல் விழுந்திருந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மெருகுக்காரி கேனைத் தூக்கி, பாதி ஊற்றிய கரைசலைத் தொட்டியில் திரும்ப ஊற்ற ஆரம்பித்தாள். சிந்தாமல், மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல்.

“என்ன பண்றே?”

“பாத்தா தெரியல? அறுபது கம்பி இருக்கு. அடுத்த வாரம் குடுக்கணும்.” கேனைக் கவிழ்த்து உதறினாள். “முழுக் குத்தமும் உங்களுதில்ல. பாஸ்பேட் ஏறின இரும்பு ஒத்துத்தாள் மாதிரி, எது பட்டாலும் உறிஞ்சும். காய்ஞ்ச உடனே சூட்டோட எண்ணெய்ல போட்டிருந்தா உங்க உப்பு உள்ள இறங்கியிருக்காது. நான் அதை வெறும் வயித்தோட தட்டுல பரப்பிட்டுத் தூங்கப் போனேன். இனிமே எண்ணெய்ல போட்டுட்டுத்தான் தூக்கம். வளையம் நான் பாக்கறேன், துணிக் கையுறையோட. எங்க முட்டுதோ அங்க உங்களைக் கூப்பிடறேன்.”

“உனக்கு வளையம் பாக்கத் தெரியாது.”

“உங்களுக்குக் கை கழுவத் தெரியுதில்ல? அது மாதிரி கத்துக்கறேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. வரவேண்டாம் என்று முகத்தைத் திருப்பினார். அதற்குள் வந்துவிட்டது.

“மெஷின்காரம்மாகிட்ட என்ன சொல்லுவே?”

“பூச்சுல ஒரு சின்னத் தப்பு, சரிபண்ணிட்டோம்னு சொல்லுவேன். யாரோட தப்புன்னு அவ கேக்கமாட்டா. கேட்டா, குடும்பத் தப்புன்னு சொல்லுவேன்.”

அவர் மூடியை மேசைமேல் வைத்தார். கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார், ஒளித்துவைப்பதுபோல. மெருகுக்காரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலிப் பக்கம் வந்தாள். கவிழ்ந்திருந்த கையை எடுத்து நிமிர்த்தினாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. எப்போதும்தான் வேர்த்திருக்கும். நேற்றைய பிரஷ் கட்டைவிரல் தோலை ஓரத்தில் உரித்திருந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பி, கடையில் சாமான் பார்க்கிறவள்போல் முன்னும் பின்னும் பார்த்தாள்.

“முப்பத்தஞ்சு வருஷமா இந்தக் கையைத்தானே பிடிச்சுக்கிட்டிருக்கேன்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, நான் எங்கயாவது துருப்பிடிச்சிருக்கேனா?”